அடுத்த தொற்று எங்கிருந்து வரும்? விலங்குவழி நோய்களும் மாறும் பருவநிலையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொரோனாவுக்குப் பிறகு “அடுத்த நோய் எங்கிருந்து வரும்?” என்று கேட்காதவர்கள் குறைவு. கேள்வி நியாயமானதுதான். ஆனால் கிடைக்கும் பதில்கள் பெரும்பாலும் இரண்டே வகை. ஒன்று பயமுறுத்தல், மற்றது “அதையெல்லாம் யாராலும் சொல்ல முடியாது” என்ற கைவிரிப்பு. இரண்டுமே சரியில்லை. சில நோய்களை வாரக்கணக்கில் முன்கூட்டியே சொல்லியிருக்கிறார்கள், ஒன்றிரண்டை ஓராண்டுக்கு முன்பே கூட. சிலவற்றைச் சொல்லவே முடியவில்லை. எது எந்த வகை, ஏன் அப்படி என்பதை இங்கே கேள்வி பதிலாகத் தந்திருக்கிறேன்.

விலங்குவழி நோய் என்று எதைச் சொல்கிறோம்?

விலங்குகளிடம் இருக்கும் கிருமி மனிதருக்கு வந்து நோயை உண்டாக்கினால் அது விலங்குவழி நோய். வரும் வழிகள் பல. வெறிநாய்க்கடியில் எச்சில் வழியாக வருகிறது. எலிக்காய்ச்சலில் எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் வழியாக. குரங்குக் காய்ச்சலில் உண்ணி கடித்து. மேற்கு நைல் காய்ச்சலில் பறவையைக் கடித்த கொசு அப்புறம் நம்மையும் கடித்து.

2001-ல் வெளியான ஒரு பட்டியல், மனிதருக்கு நோய் தரும் 1,415 கிருமிகளைக் கணக்கெடுத்தது. அவற்றில் 868, அதாவது சுமார் 61 சதவீதம், விலங்குகளிடமிருந்தும் வரக்கூடியவை. இதைக் கேட்டதும் மிரள வேண்டாம். இவற்றில் பெரும்பாலானவை ஒரு மனிதருக்கு வந்தாலும் அவரிடமிருந்து இன்னொருவருக்குச் சுலபமாகப் பரவாது.

பருவநிலைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

கிருமியைச் சுமக்கும் விலங்கு, சில நோய்களில் இடையே ஒரு கொசுவோ உண்ணியோ, அப்புறம் மனிதர். இவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில், ஒரே காலத்தில் எதிர்ப்பட்டால்தான் நோய் தாவும். நான் இதை ஒரு சந்திப்பாகவே நினைத்துக்கொள்வேன். பருவநிலை மாறும்போது அந்தச் சந்திப்பு நடக்கும் இடமும் நேரமும் மாறுகின்றன. இந்தத் துறையில் முன்னறிவிப்பு என்பதே சந்திப்புகளை முன்னறிவதுதான்.

ஓர் எடுத்துக்காட்டு. 1993-ல் அமெரிக்காவின் தென்மேற்கே, நான்கு மாநில எல்லைகள் ஒன்றுசேரும் வறண்ட பகுதியில், திடகாத்திரமான இளைஞர்கள் திடீரென்று மூச்சுத்திணறி இறந்தார்கள். அதற்கு முன் யாரும் அறிந்திராத ஒரு ஹன்டா வைரஸ்தான் காரணம். அதைச் சுமந்தது ஒரு வகைக் காட்டுச் சுண்டெலி. சுண்டெலி அங்கே காலங்காலமாக இருக்கிறது, வைரஸும் இருந்திருக்கும். அந்த ஆண்டு மட்டும் ஏன்? பசிபிக் கடலின் மேற்பரப்பு வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோவால் அந்த வட்டாரத்தில் அதிக மழை. மழையால் புல்லும் பைன் மரக் கொட்டைகளும் கொழித்தன. தீனி கிடைத்ததும் எலிகள் பல மடங்கு பெருகி வீடுகளுக்குள் நுழைந்தன. எலிப் புழுக்கையும் சிறுநீரும் காய்ந்த தூசியை மூச்சில் இழுத்தவர்களுக்கு நோய் வந்தது. அங்கே வாழும் நவாஹோ மக்களின் மூத்தவர்கள் விசாரிக்க வந்தவர்களிடம் இதையே சொன்னார்கள்: மழையும் பைன் கொட்டையும் மிகுந்த ஆண்டுகளில் எலி பெருகும், நோய் வரும், எலியை வீட்டுக்குள் விடக் கூடாது.

மழை, தீனி, எலி, வீடு, மூச்சு. நோய்க்கு முன்னால் நான்கைந்து படிகள் இருப்பதால்தான் முன்கூட்டியே ஏதாவது சொல்ல முடிகிறது.

இது ஓராண்டின் கதை. பத்தாண்டுகளாக நீளும் கதைகளும் உண்டு. குளிர்காலத்தின் கடுமை குறையக் குறைய, லைம் நோயைப் பரப்பும் உண்ணி வட அமெரிக்காவில் வடக்கே நகர்ந்திருக்கிறது. கனடாவில் 2009-ல் 144 பேருக்கு இருந்த அந்த நோய் 2017-ல் 2,000 பேரைத் தாண்டியது. மருத்துவர்கள் கவனித்துப் பதிவுசெய்வது கூடியதும் இதில் ஒரு பங்கு, ஆனால் உண்ணி நகர்ந்திருப்பது உண்மை. 2022-ல் வெளிவந்த ஓர் ஆய்வு 3,000-க்கும் மேற்பட்ட பாலூட்டி இனங்கள் 2070-க்குள் எங்கெங்கே இடம்பெயரும் என்று கணக்கிட்டது. இதுவரை ஒன்றையொன்று பார்த்தே இராத விலங்குகள் புதிதாக ஒரே காட்டில் சேரும், அவற்றுக்குள் வைரஸ்கள் ஆயிரக்கணக்கான தடவை கைமாறும் என்பது அதன் முடிவு. அதில் பெரும் பங்கு வௌவால்களுக்கு. பறக்கும் விலங்குக்கு எல்லை ஏது?

அப்படியானால் வெப்பம் கூடக் கூட நோயும் கூடிக்கொண்டே போகுமா?

இல்லை. இந்தத் துறையில் மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான் என்று சொல்வேன்.

கொசுவை எடுத்துக்கொள்ளுங்கள். வெப்பம் கூடினால் அதன் உடலுக்குள் வைரஸ் வேகமாக முதிர்கிறது, அதுவும் அடிக்கடி கடிக்கிறது. ஆனால் ஓர் அளவுக்கு மேல் போனால் கொசுவே சீக்கிரம் செத்துவிடும். வைரஸ் முதிரும் முன்பே கொசு செத்தால் பரவல் நின்றது. அதனால் பரவலுக்கும் வெப்பத்துக்கும் உள்ள உறவை வரைந்தால் ஏறி இறங்கும் குன்று போல இருக்கும். மேற்கு நைல் காய்ச்சலுக்கு அந்தக் குன்றின் உச்சி 24, 25 டிகிரி செல்சியஸ் வாக்கில் இருக்கிறது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு 29 டிகிரி வாக்கில். ஆகவே இப்போது குளிர்ந்திருக்கும் இடங்களில் அபாயம் ஏறலாம், ஏற்கெனவே கொதிக்கும் இடங்களில் இறங்கவும் செய்யலாம்.

மழையும் அப்படித்தான். வெள்ளம் வந்தால் எலிக்காய்ச்சல் கூடும், இது எல்லோருக்கும் தெரியும். வறட்சியிலும் ஒரு நோய் கூடும் என்றால் பலர் நம்ப மாட்டார்கள். மிஞ்சியிருக்கும் ஒன்றிரண்டு நீர்நிலைகளில் பறவைகளும் கொசுக்களும் நெருக்கியடித்துச் சேர்வதால் மேற்கு நைல் வைரஸ் சுற்றிச் சுற்றிப் பரவ வாய்ப்பாகிறது. அமெரிக்காவில் வறட்சி ஆண்டுகளுக்கும் அந்த நோய்க்கும் தொடர்பு இருப்பது தெரிந்திருக்கிறது.

முன்னறிவிப்பும் நீண்டகாலக் கணிப்பும் ஒன்றா?

வேறு வேறு. “வரும் மூன்று மாதங்களில் இந்தப் பகுதியில் இந்த நோய்க்கு வாய்ப்பு அதிகம்” என்பது முன்னறிவிப்பு. வந்ததா இல்லையா என்று சீக்கிரமே சரிபார்த்துவிடலாம். “உலக வெப்பம் இவ்வளவு உயர்ந்தால் 2070 வாக்கில் இந்த உண்ணி இங்கெல்லாம் வாழ முடியும்” என்பது கணிப்பு. அது ஒரு நிபந்தனையோடு வரும் வாக்கியம். செய்திகளில் அந்த நிபந்தனையை வெட்டிவிட்டு மீதியை மட்டும் தலைப்பில் போடும்போதுதான் வம்பு.

உண்மையில் எப்போதாவது பலித்திருக்கிறதா?

பலித்திருக்கிறது. கிழக்கு ஆப்பிரிக்காவின் ரிஃப்ட் பள்ளத்தாக்குக் காய்ச்சல் நல்ல சான்று.

ஆடுமாடுகளைத் தாக்கும் நோய் இது. சினை ஆடுகள் மந்தை மந்தையாகக் கன்று வீசும், அதாவது கரு கலையும், குட்டிகள் மடியும். கொசு வழியாகவும், நோயுற்ற விலங்கை அறுக்கும்போது ரத்தம் பட்டும் மனிதருக்கு வரும். சில ஏடிஸ் கொசுக்கள் வைரஸை முட்டைக்குள்ளேயே கடத்துகின்றன. புல்வெளிப் பள்ளங்களின் காய்ந்த மண்ணில் அந்த முட்டைகள் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். பெருமழை பெய்து பள்ளம் நிரம்பி வாரக்கணக்கில் வடியாமல் நின்றால் முட்டைகள் பொரிந்து, பிறக்கும்போதே வைரஸோடு கொசுக்கள் கிளம்பும். அப்புறம் வேறு கொசு இனங்களும் சேர்ந்து நோயைப் பரப்பிவிடும்.

கிழக்கு ஆப்பிரிக்காவில் அவ்வளவு மழை எப்போது? பசிபிக் கடலின் மேற்பரப்பும் இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதியும் ஒருசேரச் சூடாகும்போது. கடல் வெப்பத்தைச் செயற்கைக்கோள் அளக்கிறது, புல் பச்சையாவதும் விண்ணிலிருந்து தெரிகிறது. இவற்றை வைத்து நாசாவின் காடர்ட் மைய ஆய்வாளர்களும் கூட்டாளிகளும் 2006 செப்டம்பரிலிருந்தே எச்சரிக்கத் தொடங்கினார்கள். டிசம்பரில் கென்யாவின் வடகிழக்கில் நோய் உறுதியானது. பிறகு சோமாலியா, தான்சானியா என்று பரவியது. எங்கே ஆபத்து என்று வரைபடத்தில் குறித்திருந்தார்களோ, அந்த இடங்களில்தான் பிறகு பதிவான நோயாளிகளில் 64 சதவீதத்தினர் இருந்தார்கள்.

முன்பே தெரிந்திருந்தும் ஏன் தடுக்கவில்லை?

கென்யாவில் மட்டும் 150-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதனால் இந்தக் கேள்வியிலிருந்து நழுவக் கூடாது.

ஆடுமாடுகளுக்குத் தடுப்பூசி போட்டிருக்கலாம். ஆனால் போட வேண்டியது நோய் வருவதற்கு முன். நோய் பரவத் தொடங்கிய பிறகு ஒரே ஊசியால் மந்தை முழுக்கக் குத்திக்கொண்டு போனால் அந்த ஊசியே வைரஸைப் பரப்பிவிடும். அப்போது அதிகம் பயன்பட்ட தடுப்பு மருந்து சினை ஆடுகளுக்கு ஆகாது என்ற சிக்கலும் இருந்தது. எச்சரிக்கை செப்டம்பரில், தடுப்பூசிப் பணி தொடங்கியதோ அடுத்த ஜனவரியில். நடுவே சாலைகள் வெள்ளத்தில் போயின. “வரலாம்” என்ற ஒரு சொல்லை நம்பி இத்தனை லட்சம் ஊசி வாங்கப் பணம் ஒதுக்க எந்த அதிகாரிக்கும் தயக்கம் வரும். இன்ன அளவு எச்சரிக்கை வந்தால் இன்னார் இதைச் செய்வார் என்று முன்பே எழுதிவைத்திருக்கவில்லை.

இன்னொன்று. அந்தப் பகுதியின் சோமாலி மேய்ப்பர்களுக்கு இந்த நோய் தெரியும். அவர்கள் மொழியில் அதற்கு ‘சன்டிக்’ என்று பெயர், மூக்கில் ரத்தம் வடிவது என்று பொருள். மழை வழக்கத்துக்கு மாறாகக் கொட்டுவதையும் கொசு மண்டுவதையும் பார்த்து, அரசு அமைப்புகள் உறுதிசெய்யும் முன்பே அவர்கள் நோயை எதிர்பார்த்திருந்தார்கள் என்று பின்னர் நடந்த ஆய்வில் தெரியவந்தது. செயற்கைக்கோள் படமும் மேய்ப்பர் சொல்வதும் ஒரே மேசைக்கு வந்திருந்தால் சில வாரங்கள் மிஞ்சியிருக்கும். அந்தச் சில வாரங்கள்தான் தடுப்பூசிக்குத் தேவையாக இருந்தன.

எச்சரிக்கை விட்டு, நோய் வராமல் போனால்?

அதுவும் நடந்தது. 2015-ல் வலுவான எல் நினோ. கென்யா கண்காணிப்பைக் கூட்டியது, களப் பணியாளர்கள் கால்நடைகளைப் பற்றி அன்றாடம் கைப்பேசி வழியாகத் தகவல் அனுப்பினார்கள். நோய் வரவில்லை. சிலர் இதை வீண் செலவு என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பத்து முறை எச்சரித்து ஏழு முறை வந்தால் ‘வாய்ப்பு 70 சதவீதம்’ என்ற சொல் நேர்மையானது. ஒருமுறை வராததை வைத்து அதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் எச்சரிப்பவர்கள் அந்தச் சதவீதத்தைத் தொடக்கத்திலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். “வரும்” என்று அடித்துச் சொல்லிவிட்டு வராமல் போனால் அடுத்த முறை யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

வௌவால்களைப் பற்றி எப்போதும் பேசுகிறார்களே, அவை என்ன செய்தன?

அவை எதுவும் செய்யவில்லை. அவற்றின் சோற்றில் மண் விழுந்தது.

ஆஸ்திரேலியாவில் 1994-ல் பிரிஸ்பேன் நகரின் ஹென்ட்ரா பகுதியில் ஒரு குதிரை லாயத்தில் குதிரைகள் அடுத்தடுத்து இறந்தன, அவற்றைக் கவனித்த பயிற்சியாளரும் இறந்தார். வைரஸ் பழந்தின்னி வௌவால்களுடையது. வௌவாலின் சிறுநீர் பட்ட புல்லைக் குதிரை மேய்கிறது, குதிரையிடமிருந்து மனிதருக்கு வருகிறது. பிறகு சில ஆண்டுகளில் பல முறை, சில ஆண்டுகளில் ஒருமுறை கூட இல்லை. இது ஏன்?

25 ஆண்டுத் தரவுகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு 2022-ல் வந்தது. இந்த வௌவால்கள் பூந்தேன் குடிப்பவை. எல் நினோ வந்தால் அடுத்து யூகலிப்டஸ் காடுகள் சரியாகப் பூப்பதில்லை. முன்பெல்லாம் பெருங்கூட்டமாக வேறு காடு தேடிப் போகும். இப்போது குளிர்காலத்தில் பூக்கும் காடுகள் பெரும்பாலும் வெட்டப்பட்டுவிட்டன. அதனால் சிறு சிறு கூட்டமாகப் பிரிந்து, பண்ணைகளிலும் தோட்டங்களிலும் உள்ள மட்டமான தீனியை நம்பி ஆண்டு முழுக்க அங்கேயே தங்கிவிடுகின்றன. பட்டினி கிடக்கும் வௌவால் அதிக வைரஸை வெளியேற்றுகிறது, குதிரையும் பக்கத்திலேயே நிற்கிறது. பஞ்சம் வந்த ஆண்டுக்கு அடுத்த குளிர்காலத்தில் நோய் தாவுகிறது.

இதில் மனதைத் தொட்ட இடம் ஒன்று உண்டு. 2018-19-ல் எல் நினோ, அதன் பின் பஞ்சம். ஆகவே 2020 குளிர்காலத்தில் நோய் தாவும் என்று ஆய்வாளர்கள் எதிர்பார்த்தார்கள். ஆனால் அந்தக் குளிர்காலத்தில் ஒரு காட்டுப்பகுதி நிறையப் பூத்தது. சுமார் 2.4 லட்சம் வௌவால்கள் பண்ணைகளை விட்டு அங்கே போய்ச் சேர்ந்தன. அந்தக் குளிர்காலத்தில் ஒரு குதிரைக்கும் நோய் வரவில்லை. மிஞ்சியிருக்கும் அந்தக் காடுகளைக் காப்பதும், வெட்டியவற்றை மீண்டும் வளர்ப்பதும் நோய்த்தடுப்பு வேலைதான் என்று அந்த ஆய்வாளர்கள் சொல்வதற்கு இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?

வௌவால்களைக் கொன்றுவிட்டால் தீர்ந்ததா?

தீராது, மோசமாகும். உகாண்டாவின் கிடாகா சுரங்கத்தில் 2007-ல் தொழிலாளர்களுக்கு, வௌவால்களிடமிருந்து வரும் கொடிய மார்பர்க் நோய் வந்தது. அங்கிருந்த வௌவால்களை ஒட்டுமொத்தமாகக் கொன்றார்கள். சில ஆண்டுகளில் வேறு வௌவால்கள் வந்து குடியேறின. 2012-ல் அருகிலேயே மீண்டும் மார்பர்க் பரவியபோது சோதித்தால், புதிதாக வந்தவற்றில் நோய்த்தொற்று விகிதம் முன்பிருந்ததைவிட இரண்டு மடங்குக்கும் மேல்.

களத்தில் தரவு எப்படிச் சேகரிக்கிறார்கள்?

கணினித் திரையில் அபாய வரைபடத்தில் தெரியும் சிவப்புப் பொட்டு ஒவ்வொன்றுக்கும் பின்னால் யாரோ ஒருவர் தொலைத்த ராத்திரித் தூக்கம் இருக்கிறது.

வௌவால் ஆய்வென்றால் விடியலுக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே போக வேண்டும். இரை தேடப் போன வௌவால்கள் திரும்புவதற்குள், அவை தொங்கும் மரத்தடியில் பெரிய பிளாஸ்டிக் விரிப்புகளை விரித்துவிட வேண்டும். அப்புறம் காத்திருப்பு. முதல் வெளிச்சத்தில் கூட்டம் வந்து கிளைகளில் இடம்பிடிக்கச் சண்டை போடும்போது சிறுநீர் சொட்டும். மழைத்தூறல் போல விரிப்பில் சிறு சிறு துளிகள். உடல் மூடிய உடை, கண்ணாடி, முகக்கவசம், இரட்டைக் கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொரு துளியாக உறிஞ்சிச் சின்னக் குப்பிகளில் சேர்த்து, உடனே உறையவைக்க வேண்டும். வெயில் ஏறினால் துளி காய்ந்துவிடும், வைரஸின் தடயமும் கெட்டுவிடும். ஒரு வௌவாலைக் கூடத் தொடாமல், அந்தக் கூட்டத்தில் இன்று வைரஸ் வெளியேறுகிறதா என்று இப்படித் தெரிந்துகொள்ளலாம். ஒருமுறை செய்தால் போதாது. பருவத்துக்குப் பருவம், வருடக்கணக்கில் அதே மரத்தடிக்குப் போனால்தான் எந்தக் காலத்தில் கூடுகிறது என்று புரியும்.

உண்ணி பிடிப்பது இதைவிட எளிமை. ஒரு மீட்டர் நீள அகல வெள்ளைத் துணியைக் கோலில் கட்டிப் புல்மீது இழுத்துக்கொண்டு நடப்பார்கள். சில அடிகளுக்கு ஒருமுறை நின்று துணியைத் திருப்பிப் பார்த்து, ஒட்டியிருப்பவற்றை இடுக்கியால் எடுப்பார்கள். இளம் உண்ணி கசகசா விதை அளவுதான் இருக்கும். வெள்ளைத் துணி எதற்கு என்று அதைத் தேடும்போது புரியும்.

கணினி மாதிரிகளும் செயற்கை நுண்ணறிவும் என்ன செய்கின்றன?

இரண்டு வழிகள் இருக்கின்றன. நோய் தாவும் ஒவ்வொரு படியையும் சமன்பாடாக எழுதுவது ஒரு வழி. வெப்பம் இவ்வளவு என்றால் கொசு இத்தனை நாள் வாழும், வைரஸ் இத்தனை நாளில் முதிரும் என்று படிப்படியாகப் போகும். இதுவரை நோய் வந்த இடங்களின் மழை, வெப்பம், காடு, கால்நடை, மக்கள்தொகை எல்லாவற்றையும் கொடுத்து, இதே போன்ற இடங்கள் வேறெங்கே என்று கண்டுபிடிக்கச் சொல்வது மற்றது. நாளைய பருவநிலை நேற்றையதைப் போல இருக்காது என்பதால், காரணம் தெரிந்து எழுதிய முதல் வகையை நீண்டகாலத்துக்கு நான் அதிகம் நம்புவேன்.

செயற்கை நுண்ணறிவைப் பற்றி ஒரு நேர்மையான சோதனை உண்டு. கொரோனா வைரஸ்களின் ஒரு பிரிவான பீட்டா கொரோனா வைரஸ்கள் எந்தெந்த வௌவால் இனங்களில் இருக்கக்கூடும் என்று 2020 தொடக்கத்தில் எட்டு விதமான மாதிரிகளை வைத்துக் கணித்தார்கள். ஓராண்டுக்கும் மேலாகக் காத்திருந்து, புதிதாகக் கண்டறியப்பட்ட 47 இனங்களோடு ஒப்பிட்டார்கள். வௌவாலின் உடலமைப்பு, வாழிடம், உணவு போன்ற இயல்புகளை வைத்துக் கணித்தவை நன்றாகத் தேறின. எந்த வைரஸ் எந்த விலங்கில் இருக்கிறது என்ற பழைய தொடர்புகளை மட்டும் பின்னிப் பார்த்தவை, கண்ணை மூடிக் குறிசொன்னதற்கு மேல் தேறவில்லை. கணித்துவிட்டுப் போய்விடாமல் திரும்பி வந்து மதிப்பெண் போட்டுக்கொண்டார்கள் பாருங்கள், எல்லோரும் செய்ய வேண்டியது அது.

எவ்வளவு நம்பலாம்?

சிக்கலான மாதிரி என்பதற்காக நம்ப வேண்டாம். அமெரிக்காவில் 2020-ல் மேற்கு நைல் நோயை முன்னறியப் பல குழுக்களை அழைத்து ஒரு போட்டி நடந்தது. கடந்த ஆண்டுகளில் எத்தனை பேருக்கு வந்தது என்பதை மட்டும் வைத்த எளிய கணக்குகள், பல சிக்கலான மாதிரிகளைவிட நன்றாகவே செய்தன.

இன்னொரு குறை வரைபடத்திலேயே ஒளிந்திருக்கிறது. ஆய்வாளர்கள் போன இடத்தில்தான் தரவு இருக்கும். சாலையோரமும் பல்கலைக்கழகத்தைச் சுற்றியும் பொட்டுகள் நிறைந்திருக்கும், தொலைதூரக் காடு வெறுமையாக இருக்கும். வெறுமை என்றால் அபாயம் இல்லை என்று அர்த்தமல்ல, யாரும் பார்க்கவில்லை என்றும் இருக்கலாம். நல்ல வரைபடம் இந்த இரண்டையும் வேறு வேறு நிறத்தில் காட்டும். அப்படிக் காட்டாத வரைபடத்தை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

எல்லா வைரஸ்களையும் முதலிலேயே கண்டுபிடித்துப் பட்டியல் போட்டுவிட்டால் என்ன?

முயன்றிருக்கிறார்கள். அமெரிக்க உதவியோடு 2009-ல் தொடங்கிய ‘பிரெடிக்ட்’ திட்டம் பல நாடுகளில் வனவிலங்குகளைச் சோதித்து நூற்றுக்கணக்கான புதிய வைரஸ்களைக் கண்டறிந்தது. பல ஆய்வகங்களுக்கு ஆட்களைப் பயிற்றுவித்தது, அது நிலைத்த பயன். ஆனால் ஒரு வைரஸின் மரபணுவைப் படித்துவிட்டால் அது மனிதரிடையே பரவுமா என்று தெரிந்துவிடாது. 2018-ல் மூன்று வைரஸ் ஆய்வாளர்கள், பணத்தைக் கணிப்பில் போடுவதைவிட மக்களிடம் நோய் தலைகாட்டும்போதே பிடிக்கும் கண்காணிப்பில் போடுங்கள் என்று வெளிப்படையாக எழுதினார்கள். நான் பெரும்பாலும் அவர்கள் பக்கம். எந்த வைரஸ் என்பதைவிட, எங்கே எந்தச் சூழலில் சந்திப்பு நடக்கும் என்று சொல்வது நம் கைக்கு எட்டக்கூடியது.

உறைபனி உருகி ஆதிகாலக் கிருமிகள் வந்துவிடும் என்கிறார்களே?

பழைய கிருமி வெளிவந்த நிகழ்வு உண்டு. 2016 கோடையில் ரஷ்யாவின் யமால் பகுதியில் வெப்பம் 35 டிகிரி வரை போனது. நிரந்தரமாக உறைந்திருந்த மண்ணின் மேலடுக்கு உருகியது. முன்பு அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயில் செத்துப் புதைந்த விலங்குகளிலிருந்து கிருமி வெளிப்பட்டதாகக் கருதப்படுகிறது. 2,000-க்கும் மேற்பட்ட பனிமான்கள் இறந்தன, 12 வயதுச் சிறுவன் ஒருவனும் இறந்தான். ஆனால் அங்கே பனிமான்களுக்குப் போட்டுவந்த தடுப்பூசியை 2007-ல் நிறுத்தியிருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இதெல்லாம் மருத்துவர்கள் வேலையா, கால்நடை மருத்துவர்கள் வேலையா?

1999 கோடையில் நியூயார்க்கில் காகங்கள் நிறையச் செத்து விழுந்தன. அதே சமயம் முதியவர்கள் சிலர் மூளைக்காய்ச்சலோடு மருத்துவமனைக்கு வந்தார்கள். மனிதர்களைப் பார்த்தவர்கள் அதைச் செயின்ட் லூயிஸ் மூளைக்காய்ச்சல் என்று முடிவுகட்டினார்கள். மிருகக்காட்சிசாலையின் கால்நடை நோயியல் மருத்துவருக்கு அது ஒப்பவில்லை, ஏனென்றால் அந்த வைரஸ் பொதுவாகப் பறவைகளைக் கொல்லாது. இரண்டும் ஒரே நோய்தானே என்று அவர் விடாமல் கேட்டார். அது மேற்கு நைல் வைரஸ், அதற்கு முன் அமெரிக்கக் கண்டங்களில் காணப்படாதது. இப்போது உலகச் சுகாதார நிறுவனம், உணவு வேளாண் நிறுவனம், உலக விலங்கு சுகாதார அமைப்பு, ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் ஆகிய நான்கும் ‘ஒரே சுகாதாரம்’ என்ற பெயரில் கைகோத்திருக்கின்றன. அந்தக் கைகோப்பு மாவட்ட அளவில் இரண்டு அலுவலகங்களுக்கு இடையே ஒரு தொலைபேசி அழைப்பாக மாறினால்தான் பயன்.

எச்சரிக்கை வந்தால் சாதாரண மக்கள் என்ன செய்ய வேண்டும்?

நோய்க்கு நோய் மாறும், ஆனால் சில பழக்கங்கள் எப்போதும் உதவும். வெள்ள நீரில் இறங்க வேண்டியிருந்தால் காலில் பூட்ஸ் போடுங்கள், புண்ணை மூடுங்கள். அடுத்த சில வாரங்களில் காய்ச்சல் வந்தால், தண்ணீரில் இறங்கியதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அந்த ஒரு தகவல் எலிக்காய்ச்சலைச் சீக்கிரம் கண்டுபிடிக்க உதவும். எலிப் புழுக்கையைக் காய்ந்தபடி பெருக்காதீர்கள். கதவு, சன்னலைத் திறந்துவிட்டு, பிளீச்சிங் கரைசலால் நனைத்து ஐந்து நிமிடம் விட்டு, கையுறையோடு துடைத்தெடுங்கள். வௌவாலோ வேறு விலங்கோ கடித்த தடம் உள்ள பழத்தைத் தூக்கிப்போடுங்கள். உண்ணி ஒட்டியிருந்தால் தோலுக்கு ஒட்டினாற்போல் இடுக்கியால் பிடித்து நேராக மேலே இழுங்கள், நசுக்க வேண்டாம். நாய் கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே தடுப்பூசிக்குப் போங்கள். இதற்கு எந்த முன்னறிவிப்பும் தேவையில்லை.

பொதுமக்கள் தரும் தகவல் உண்மையிலேயே உதவுமா?

உதவும், பல சமயம் முதல் தகவலே அதுதான். கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் 1957-ல் குரங்குகள் செத்து விழுவதை மக்கள் பார்த்ததிலிருந்துதான் குரங்குக் காய்ச்சல் தெரியவந்தது. இன்றும் அங்கே காட்டில் ஒரு குரங்கு செத்துக் கிடந்தால் உடனே தகவல் போக வேண்டும். செத்த குரங்கின் உடலிலிருந்து உண்ணிகள் இறங்கிச் சுற்றிலும் பரவுவதால், அந்த இடத்துக்கு விறகு பொறுக்கப் போகிறவர்களுக்கு ஆபத்து. பிரேசிலில் மஞ்சள் காய்ச்சலுக்கும் ஊளைக் குரங்குகளின் சாவுதான் முதல் அறிகுறி.

அதனால் காட்டு விலங்குகளோ பறவைகளோ வழக்கத்துக்கு மாறாகச் செத்துக் கிடந்தால், அல்லது மந்தையில் பல விலங்குகள் ஒருசேரக் கன்று வீசினால், தொடாதீர்கள், குழந்தைகளையும் நாயையும் பக்கத்தில் விடாதீர்கள். தூரத்தில் இருந்தே ஒரு படம் எடுங்கள். இடம், தேதி, என்ன விலங்கு, எத்தனை என்று குறித்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடமோ வனத்துறையிடமோ சொல்லுங்கள். எண்ணிக்கையை மட்டும் விட்டுவிடாதீர்கள். “நிறைய” என்பதை எந்தக் கணக்கிலும் சேர்க்க முடியாது, “நேற்று மூன்று, இன்று ஏழு” என்றால் அதை வைத்து வேலையைத் தொடங்கலாம்.